சில்லறை ராஜாக்களின் நிருபர்

நிருபர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், "நீங்க பார்த்த பெரிய மனுஷங்களைப் பத்தி எழுதுங்க சார்" என்றார்கள். உண்மையைச் சொன்னால், நான் பார்த்த பெரிய மனிதர்கள் மிகக் குறைவு. பிரதமர் வந்தால் தலைமை நிருபர் போவார். முதலமைச்சர் பேசினால் அரசியல் நிருபர் போவார். வேற்று நாட்டு அரசரோ அரசியோ வந்துவிட்டால் ஆசிரியரே கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அரசருடைய தம்பி, அரசியின் அத்தை மகள், பட்டத்துக்கு வரவே வாய்ப்பில்லாத ஒன்றுவிட்ட சித்தப்பா, இப்படி யாராவது வந்தால்தான் "சூசைராஜ் எங்கேப்பா?" என்று குரல் வரும்.

அப்படிப்பட்டவர்கள் எங்கள் வடசென்னைக்குத்தான் அதிகம் வந்தார்கள். அரசர்களுக்கு விருந்து, அரச குடும்பத்தின் மற்றவர்களுக்கு வேலை. துறைமுகத்தில் தங்கள் நாட்டுக் கப்பலை வரவேற்க வேண்டும், எண்ணூரில் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும், மாலுமிகள் இல்லத்துக்கு அடிக்கல் நாட்ட வேண்டும். அலுவலகத்தில் அவர்களுக்குச் 'சில்லறை ராஜா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு, சில்லறை ராஜா நிருபர். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நான் எழுதிய செய்திகளில் இன்றைக்கும் தலைநிமிர்ந்து எடுத்துக்காட்டக்கூடியவை அந்தச் சில்லறைகளிடமிருந்துதான் கிடைத்தன.

பிறந்தது ராயபுரம், மாதா கோயிலுக்குப் பின் தெரு. அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் யந்திரம் ஓட்டினார். நான் பள்ளி இறுதி முடித்து, பிழை திருத்துபவனாக அந்த நாளிதழில் சேர்ந்து, கப்பல் வரவு, சுங்கம், வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று துறைமுகச் செய்திகளுக்கு நிருபர் ஆனேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். எனக்கு எழுதத் தெரிந்தது வேதமூர்த்தி சாரிடம் வந்த பிறகு.

வேதமூர்த்தி எங்கள் செய்தி ஆசிரியர். ஒல்லியான ஆள், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, சட்டைப்பையில் சிவப்புப் பென்சில். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நிருபர் கொண்டுவந்த தாளை வாங்கி, அவனை எதிரே நிற்க வைத்து, அவன் எழுதியதை அவனுக்கே சத்தமாகப் படித்துக் காட்டுவார். ரயில் நிலையத்தில் வண்டி வரும் நேரம் சொல்வதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாத குரல். 'மாட்சிமை பொருந்திய விருந்தினர் மலர்ந்த முகத்துடன் மக்கள் வெள்ளத்தில் நீந்தி வந்தார்' என்பதை அந்தக் குரலில் கேட்டால், பென்சிலைப் பிடுங்கி நாமே அடித்துவிடலாம் என்று தோன்றும். அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் நிறுத்துவார். நாம் தலையை ஆட்டிய பிறகுதான் பென்சில் இறங்கும்.

பட்டங்களைப் பற்றி அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இங்கே பாருய்யா சூசை. அவங்க பட்டத்தை முதல் வரியில ஒரு தடவை போடு. அரசருக்கு என்ன உறவுன்னும் சொல்லிடு, படிக்கிறவன் குழம்பக் கூடாது. ரெண்டாவது வரியிலிருந்து அவங்களுக்குக் கை கால் இருக்கணும். எங்கே போனாங்க, என்ன பார்த்தாங்க, என்ன கேட்டாங்க. அவங்க கேட்ட கேள்வி உன் செய்தியில இல்லேன்னா நீ அங்கே போகவே இல்லைன்னு அர்த்தம்."

இது எவ்வளவு சரி என்பதை இமயமலைப் பக்கத்துச் சிறு நாடு ஒன்றின் மன்னருடைய தம்பி எனக்குக் காட்டினார். எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருந்தார். பட்டு அங்கி, வாளேந்திய காவலர் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனேன். கம்பளிச் சட்டையும் மலிவான காலணியுமாக ஒரு குட்டை மனிதர் இறங்கினார். மாலை போட்டார்கள், கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, நேராக ஒரு லாரிக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொண்டார். அவருடைய நாட்டில் சாலைகளும் சரக்கு வண்டிகளும் அவர் பொறுப்பில் இருந்தன. மலைச் சரிவில் இறங்கும்போது பிரேக் எவ்வளவு நேரத்தில் சூடாகும் என்று அடியிலிருந்தபடியே கேட்டார். தொழிற்சாலைப் பொறியாளரும் தன் வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் போய்ப் படுத்துப் பதில் சொன்னார். எங்கள் போட்டோகிராபர் காதர் பாய், இரண்டு ஜோடி கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்தார். மற்ற பேப்பர்களில் மாலை போட்ட படம் வந்தது. எங்களுடையதில் கால்கள் வந்தன. 'சாலைக்குப் பொறுப்பான இளவரசர்' என்று தலைப்பு. டீக்கடைகளில் அன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, எழுபதுகளின் தொடக்கத்தில், இளவரசி வில்மா வந்தார். வடகடல் ஓரத்தில் இருக்கும் ஒரு குளிர் நாட்டு அரசரின் பெரியப்பா மகள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். உயரம், தடித்த தோல் செருப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. தன் நாட்டு மாலுமிகள் நலச் சங்கத்துக்குப் பல ஆண்டுகளாகத் தலைவி. அந்தச் சங்கம் கொடுத்த நன்கொடையில் திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் சிறிய பிரசவ ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள். அதைத் திறந்து வைக்கத்தான் வந்தார்.

அதே நாளில் நகரத்தில் ஒரு பெரிய நடிகரின் புதுப் படத்துக்குப் பூஜை. பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். குப்பத்துக்கு வந்தது நானும் காதர் பாயும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை நிருபரும் மட்டும். அவரும் ரிப்பன் வெட்டியதும் கிளம்பிவிட்டார்.

பந்தல், தோரணம், நாற்காலிகள், கயிறு கட்டிய எல்லை. விருந்தினரிடம் நிருபர்கள் நேரடியாகப் பேசக் கூடாது என்பது விதி. வரவேற்பு அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்புக்காக இளவரசியின் பக்கத்திலேயே நின்றார். காரைக்குடிப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர். சுத்தமான தமிழ், சுத்தமான ஆங்கிலம்.

இளவரசி கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கும்போது, கயிற்றைத் தூக்கிவிட்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். மீன் விற்கும் தேசம்மா. காசிமேட்டு ஏலத்தில் அவள் குரலைக் கேட்டிருக்கிறேன். நாலு படகு தள்ளி நிற்பவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலில் இளவரசியைப் பார்த்துப் பேசினாள்.

"யம்மா, புள்ள பெக்க ஆஸ்பத்திரி கட்டினே, நல்லாருப்பே. ஆனா போன ஐப்பசில என் வூட்ட கடலு வாரிகினு பூட்ச்சு. என் வூடு இருந்த எடத்துக்கு அடுத்த எடத்துலதான் இத்த கட்டிக்கீறாங்கோ. வர்ற மழைக்கு இதுவும் பூடும். அப்பால எங்க பொண்ணுங்கோ தண்ணியிலயா புள்ள பெக்கும்?"

இளவரசி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு, "ஆஸ்பத்திரி கட்டித் தந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இளவரசி சிரிக்கவில்லை. தேசம்மாவின் முகத்தையே பார்த்தார். பின்பு கயிற்றுக்கு வெளியே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் திரும்பினார்.

"நான் எத்தனையோ வருஷமாக மாலுமிகளின் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நன்றி சொல்கிற முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. இந்த அம்மா என்ன சொன்னார்?"

அதிகாரி என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. வாய் திறந்தால் பத்திரிகையாளர் அனுமதிச் சீட்டு போய்விடும், துறைமுக வாசலில் நுழைய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேசம்மாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியது என் தெருவின் பாஷை. அதைத் தெரியாததுபோல் நிற்க என்னால் முடியவில்லை.

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தண்ணீரில் பிள்ளை பெறுவதையும் சேர்த்துச் சொன்னேன்.

இளவரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடல் பக்கம் பார்த்தார். "அவர் வீடு எங்கே இருந்தது?" என்றார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது தேநீர். தேநீரை விட்டுவிட்டு அவர் மணலில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். அதிகாரி, போலீஸ், நாங்கள், குப்பத்துச் சனம் எல்லாரும் பின்னால் போனோம். கொஞ்ச தூரத்தில் ஒரு சுவர் பாதி நின்றது. அதைத் தாண்டி, அலை அடிக்கும் இடத்தில், ஒரு கிணற்றின் உறைகள் மட்டும் தனியாக நின்றன. சுற்றி மணல் கரைந்துபோய்க் கிணறு கடலுக்குள் கோபுரம்போல நின்றதை அன்றுதான் நானும் பார்த்தேன்.

"இது கடலில் கட்டிய கிணறா?" என்று இளவரசி கேட்டார்.

தேசம்மாவிடம் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கடலுல எவன் நைனா கெணறு வெட்டுவான்? நான் கண்ணாலம் கட்டிகினு வந்தப்போ இது எங்க வூட்டுக்குப் பின்னால இருந்துச்சு. குடிக்கிற தண்ணி. அத்தத் தாண்டி வலை காயப்போட எடம், அதையும் தாண்டி கட்டுமரம் வெக்கற எடம். அப்பாலதான் கடலு."

இதை மொழிபெயர்த்தபோது இளவரசி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, அந்தக் கிணற்று உறையைக் கையால் தொட்டார். தேசம்மாவும் பக்கத்தில் போய் நின்றாள். ஓர் அலை வந்தபோது, "கையப் புடிச்சிக்கமா, இழுத்துக்கும்" என்று அவளே இளவரசியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. காதர் பாயின் கேமரா அந்த நேரத்தில்தான் சொடுக்கியது.

இளவரசி கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். எந்த மாதத்தில் கடல் ஏறுகிறது? ஆஸ்பத்திரிக்கு இடம் தேர்ந்தெடுத்தபோது குப்பத்தில் யாரிடமாவது கேட்டார்களா? ரோட்டுக்கு மேற்கே நிலம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குத் தேசம்மா கையை நீட்டிக் காட்டினாள். இருந்தது, புறம்போக்கு மேடு. ஆஸ்பத்திரியை அங்கே மாற்றிவிட வேண்டும் என்று இளவரசி அதிகாரியிடம் சொன்னார்.

கார்கள் கிளம்பிப் போயின. நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றபோது தேசம்மாவின் மகள் ஓடிவந்தாள். "அண்ணே, அம்மாவ போலீசு இட்டுகினு பூட்டாங்க. வெளிநாட்டு அம்மாவ மருவாதி இல்லாம பேசிச்சாம்."

அலுவலகத்துக்கு வருவதற்குள் தொலைபேசி எனக்கு முந்திக்கொண்டது. ஒரு பெண் குடித்துவிட்டு விழாவில் ரகளை செய்தாள், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். வேதமூர்த்தி அதை எனக்குச் சொன்னார். "எழுதிக் கொண்டா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நிற்க வைத்துப் படித்தார். அதே ரயில் நிலையக் குரல். அதில் தேசம்மாவின் பேச்சைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த இடத்திலும் பென்சில் இறங்கவில்லை. முடித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்குய்யா. கேட்டவன் நீ, மொழிபெயர்த்தவன் நீ, எழுதறவனும் நீ. நாளைக்கு அந்த இளவரசி, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு ஒரு வரி கொடுத்தா, நம்ம பேப்பர் பொய் பேப்பர். அந்த மீன்காரம்மா கேஸ் இன்னும் மோசமாகும். போய் அவங்களுக்கே படிச்சுக் காட்டு. சரின்னு சொன்னா போடறேன்."

"ராஜ குடும்பத்துக்காரங்களை எப்படி சார் போய்ப் பார்க்கிறது? விடுவாங்களா?"

"பெரிய ராணின்னா விடமாட்டாங்க. இவங்களைக் கேட்டு இதுவரைக்கும் யாராவது போயிருப்பாங்களா? போய்க் கேளு."

அவர் சொன்னதுதான் நடந்தது. விருந்தினர் மாளிகை வாசலில் கூட்டமில்லை, காவல் கெடுபிடியில்லை. பெயரையும் வந்த காரணத்தையும் எழுதி உள்ளே அனுப்பினேன். வெயில் சாய்வதற்கு முன்பே இளவரசியே வராந்தாவுக்கு வந்துவிட்டார். காலில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. வரவேற்பு அதிகாரியும் பின்னாலேயே வந்தார், முகம் வெளிறிப்போயிருந்தது.

ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில்தான் கையைத் தூக்கினார். 'ஆஸ்பத்திரியை இடம் மாற்றும்படி இளவரசி உத்தரவிட்டார்' என்று எழுதியிருந்தேன்.

"அதை மாற்றுங்கள். உத்தரவிட எனக்கு உங்கள் நாட்டிலும் உரிமையில்லை, என் நாட்டிலும் இல்லை. கேட்டுக்கொண்டார் என்று எழுதுங்கள். எங்கள் சங்கம் அதற்கான செலவில் பங்கேற்கும் என்றும் எழுதலாம். அது என்னால் சொல்ல முடியும்."

திருத்திக்கொண்டேன். அதன்பிறகு, தேசம்மா போலீஸ் ஸ்டேஷனில் இருப்பதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி, முந்தானை இல்லாத அந்தக் கவுன் நுனியால் துடைத்தார்.

"நான் அரசராக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி விடுவிப்பேன். நான் அரசரில்லை. என் வேலை போய்ப் பார்ப்பது. வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன்." அதிகாரியிடம் திரும்பினார். "நாளைக் காலை விமான நிலையம் போகும் வழியில் அந்த அம்மாவைப் பார்த்து விடைபெற விரும்புகிறேன். அவருடைய வீட்டில். அவர் வீட்டில் இருப்பார் அல்லவா?"

திருவொற்றியூர் வடக்கே. விமான நிலையம் தெற்கே. வழி என்று அதைச் சொல்ல முடியாது. அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"இருப்பாங்க மேடம்" என்றார் அதிகாரி. அவரே உள்ளே போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். வெளியே வந்து, என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். "மிஸ்டர், நான் வேணும்னு மாத்திச் சொல்லலை. அந்தம்மா பேசினதுல பாதி எனக்குப் புரியலை. கோபமா பேசறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. பயந்துட்டேன்." அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். என் அனுமதிச் சீட்டு போகவில்லை. அதற்கு அவர்தான் காரணம் என்று பின்னால் அறிந்தேன்.

அலுவலகத்தில் இன்னொரு போராட்டம் காத்திருந்தது. வேதமூர்த்தி தேசம்மாவின் வாக்கியத்தையே தலைப்பாக எழுதியிருந்தார்: 'வர்ற மழைக்கு இதுவும் பூடும்'. அச்சுக்கோப்புக்குப் போன இடத்தில் பிழை திருத்துபவர் அதை 'வரும் மழைக்கு இதுவும் போய்விடும்' என்று ஆக்கிவிட்டார். புரூஃப் வந்தது. வேதமூர்த்தி பார்த்தார், எழுந்து கீழே அச்சுக்கூடத்துக்கே போனார். நானும் போனேன்.

"சார், பூடும்னு ஒரு வார்த்தையே கிடையாதே. படிக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார் பிழை திருத்துபவர்.

"போய்விடும்னு சொன்னா ஒருநாள் போகும்னு அர்த்தம். பூடும்னா போயே போச்சுன்னு அர்த்தம். அந்தம்மா எதைச் சொன்னாங்களோ அதைப் போடுங்க."

அதுவரை எங்கள் பேப்பரில் சென்னைப் பாஷை சிரிப்புத் துணுக்கில் மட்டும்தான் வந்திருந்தது. கோமாளியும் திருடனும் பேசும் பாஷையாக. மறுநாள் காலை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், கிணற்றருகே இரண்டு பெண்கள் நிற்கும் படத்துக்கு மேல் வந்தது. ராயபுரத்தில் என் அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துத் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நம்ம பேச்சு, பாத்தியா? அப்படியே போட்டுக்கீறாங்கோ" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அதே காலையில் இளவரசி சொன்னபடி வந்தார். வீடு போனபிறகு தேசம்மா தங்கியிருந்தது தன் அக்காவின் குடிசையில்; அதன் வாசலில் குளித்து, பூ வைத்து நின்றிருந்தாள். இரவே ஸ்டேஷனிலிருந்து விட்டுவிட்டார்களாம். வறுத்த நெத்திலி கொடுத்தாள். இளவரசி நின்றுகொண்டே தின்றார்.

மழைக்கு முன்பே ஆஸ்பத்திரியின் கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோய் ரோட்டுக்கு மேற்கே மேட்டில் கட்டினார்கள். குப்பத்து ஆண்கள் கடலுக்குப் போகாத நாட்களில் சுமந்தார்கள். அந்த ஐப்பசியில் பழைய இடத்தை அலை எடுத்துக்கொண்டது. தேசம்மா வஞ்சிரம் ஒன்றை வாழை இலையில் சுற்றி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வேதமூர்த்தி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு நாள், வெளியூர்ச் செய்திகளைத் தட்டச்சிடும் டெலிபிரிண்டரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. இளவரசி வில்மா காலமானார், அரசரின் உறவினர், சில சங்கங்களின் தலைவி. அவ்வளவுதான். மற்ற பேப்பர்கள் அதைப் போடக்கூட இல்லை. நான் பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன்.

தேசம்மா கேட்டுவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். "எப்பிடிப் போச்சு நைனா? கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"தெரியலக்கா. அதெல்லாம் போடல."

"இன்னா போட்டுக்கீறான்?"

சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்ளோதானா? அந்தம்மா இங்க வந்ததுக்கு இன்னா அடையாளம்? நீ போயி ஆஸ்பத்திரில கேளு. எத்தினி புள்ளைங்கோ பொறந்துதுன்னு கேட்டு எய்து."

மேட்டின் மேலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மாவுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருந்தது. வாசல் படியில் அவளுடைய புருஷனோடு உட்கார்ந்து காத்திருந்தேன். வலையிழுத்துக் காய்த்த கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. அவன் எழுந்து ஓடினான். நான் அங்கேயே, அந்தப் படியிலேயே, தாளை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். இளவரசியின் மரணச் செய்திக்கு அந்தக் குழந்தைதான் முதல் வரி.